மீனாட்சியம்மாள்: பேச்சுக்கு முன் வந்த பாட்டு

மீனாட்சியம்மாள் இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே அரசியல் பாட்டை மேடையேற்றிய முன்னோடி. பாட்டைத் தாமே கட்டினார், தாமே பாடினார், 1940இல் அட்டன் கணேஷ் பிரஸ் மூலம் நூலாகவும் வெளியிட்டார். தொழிற்சங்க வரலாறுகளில் அவர் கணவர் கோ. நடேசய்யரின் பெயரை ஒட்டிய ஒரு துணைக்குறிப்பாகவே பெரும்பாலும் வருகிறார். பாடகராக அவரைத் தனியே எடுத்து அலசினால் கிடைக்கும் சித்திரம் வேறு. மெட்டு, மேடை, கேட்போர் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கணித்துப் பாடியவர் அவர்.

அவருடைய பொது வாழ்வு நடேசய்யரின் வாழ்வோடு பின்னியது. தஞ்சைப் பகுதியில் 1887இல் பிறந்த நடேசய்யர் 1919இல் இலங்கைக்கு வந்தார். தோட்டங்களுக்குள் வெளியாள் நுழைவது கடினமாக இருந்ததால் புடவை வியாபாரி வேடத்தில், லயங்கள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்குள் சென்று தொழிலாளரின் நிலையை நேரில் கண்டார். 1920இல் கொழும்பில் குடியேறினார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் வந்தன. மீனாட்சியம்மாள் இந்தப் பத்திரிகைப் பணியில் பங்குகொண்டார். பெண்களின் கல்வியையும் உரிமையையும் பற்றி ‘தேசபக்த’னில் எழுதினார். எனவே பாட்டுக்கு வந்தபோது அவர் அரசியலுக்குப் புதியவர் அல்லர். வாதத்தை எப்படித் தொடுப்பது என்பதைப் பத்திரிகையில் பழகியபின் அதையே மெட்டில் ஏற்றியவர்.

பத்திரிகை இருக்கும்போது பாட்டு ஏன்? காரணம் எளியது. பத்திரிகையை வாசிக்கத் தெரிந்தவர்கள் தோட்டத்தில் கங்காணி, கணக்கப்பிள்ளை, கண்டாக்கு போன்ற மேற்பார்வையாளர் சிலரே. அவர்களில் பலருடைய பிழைப்பு தோட்டத்தை நடத்தும் துரையின் தயவில் நின்றது. லயத்துக் காம்பரா எனும் ஒற்றை அறைகளில் இருந்த பெரும்பான்மைக்கு அச்செழுத்து எட்டாது. கூட்டம் போட்டுப் பேசலாமென்றால் தோட்டத்து மண் முழுவதும் கம்பனியின் சொத்து, அத்துமீறல் சட்டம் வாசலிலேயே நின்றது. துண்டுப் பிரசுரத்தைப் பறிக்கலாம், பேச்சாளரைத் துரத்தலாம். ஒருமுறை காதில் விழுந்து மனப்பாடமான பாட்டை எந்தத் துரையும் பறிமுதல் செய்ய முடியாது. அது மறுநாள் கொழுந்து மலைக்கே போய்விடும்.

அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள் ஏற்கெனவே தேர்ந்த கேட்போர். இதை மறந்து அவருடைய பாட்டை மதிப்பிட முடியாது. திருச்சி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் தெம்மாங்கையும் கூடவே கொண்டுவந்தன. மாசியில் காமன் கூத்து, அதன்பின் பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு என்று ஆண்டின் பாதி இரவுகள் கூத்தில் கழிந்தன. பிரட்டு எனும் காலை வேலைக் கூட்டத்துக்கு அழைப்பதும் தப்புப் பறை, சாவுக்கு அழுவதும் தப்புப் பறை. ஊவா மாகாணத்தில் இந்த உலகம் இன்னும் அடைத்த ஒன்றாக இருந்தது. ரயில் பண்டாரவளையை 1894இல் எட்டிவிட்டாலும் பதுளையை அடைய 1924 வரை ஆனது. அப்புத்தளை, பூணாகலை, நமுனுகுலைப் பக்கத்து மலைகளில் பொழுதுபோக்கும் சடங்கும் செய்தியும் பெரும்பாலும் பாட்டு வழியேதான் நடந்தன. அச்சில் ஏறிய தோட்டப் பாட்டுக்கும் வயது உண்டு. கோப்பிக் காலத்திலேயே, 1869இல், ஆபிரகாம் ஜோசப் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை வெளியிட்டார். ஆனால் அது கோப்பி பயிரிடும் தொழிலைப் பாடிய கும்மி. தொழிலாளி தன் உரிமைக்காகப் பாடிய கும்மி அல்ல.

இந்தக் காதுகளுக்கு மீனாட்சியம்மாள் புதிய இசையைக் கொண்டுபோகவில்லை. அதுதான் அவருடைய முதல் சரியான முடிவு. தெரிந்த மெட்டில் தெரியாத செய்தி என்பது அக்காலப் பாட்டுப் புத்தகக்காரர்கள் எல்லோரும் அறிந்த வித்தை. பாட்டின் தலைப்பின் கீழ் ‘இன்ன மெட்டு’ என்று அச்சிட்டு விற்பார்கள், வாங்கியவர் உடனே பாடிவிடலாம். தமிழ்நாட்டில் மதுரகவி பாஸ்கரதாஸ் இதே முறையில் நாடக மேடையைக் காங்கிரஸ் மேடையாக்கினார். மீனாட்சியம்மாள் சிந்தையும் கும்மியையும் தெம்மாங்கு நடையையும் சங்க மேடைக்கு எடுத்தார். மெட்டைக் கற்கும் வேலை கேட்பவருக்கு இல்லாததால் அவருடைய கவனம் முழுவதும் சொல்லுக்குப் போகிறது. இரண்டாவது சுற்றில் கூட்டமே பல்லவியைப் பிடித்துக்கொள்கிறது.

மேடையில் வேலைப் பங்கீடும் தெளிவாக இருந்தது. பாரதியாரின் பாட்டுகளையும் தம் பாட்டுகளையும் மீனாட்சியம்மாள் பாடுவார், நடேசய்யர் பேசுவார். கிரிக்கெட்டில் புதுப்பந்தின் வேகத்தைத் தணித்து அடுத்தவருக்கு ஆடுகளத்தைப் பழக்கித் தரும் தொடக்க ஆட்டக்காரரின் வேலை அது. ஓட்டக் கணக்கில் பெரிதாகத் தெரியாது, ஆனால் அது இல்லாமல் பின்னால் வருபவரின் சதமும் இல்லை. துரைக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் கூட்டத்தைப் பேச்சு உடனே நெருங்க வைக்காது. பாட்டுக் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளவோ எவராலும் முடியும். பாரதியைத் தேர்ந்ததிலும் ஒரு துணிவு உண்டு. 1928இல் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தது அவருடைய நூல்களைத்தான். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுத கவி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அந்நியரும் அல்லர்.

பெண் என்பதும் ஒரு சாதகம். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை, தோட்டத்தின் வருமானமே அவர்கள் விரலில்தான். 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டப்படி 1929 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலியில், உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். மேடையில் ஆண்கள் பேசும் சங்க மொழி இந்தப் பதினொரு சத வித்தியாசத்தைத் தொடுவது அரிது. அதே மேடையில் ஒரு பெண் எழுந்து குரலெடுத்துப் பாடியதே பறிக்கும் பெண்களுக்கு, அவர் என்ன பாடினார் என்பதற்கும் முன்னால், ஒரு செய்தி. தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களின் கைவசம் இருந்தாலும், தாலாட்டு காம்பராவுக்குள் நின்றது, ஒப்பாரி சாவு வாசலைத் தாண்டவில்லை. பொது இடத்தில் எழும் பெண்குரல் கூத்தில்கூட ஆண் போட்ட வேடமாகவே இருந்தது.

1931 இந்த வாழ்வின் திருப்புமுனை. கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தோடு இருந்த உறவு முறிந்தபின் நடேசய்யர் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்து, துரைமார் கூலியை வெட்டத் துடித்த காலம். கொழும்பிலிருந்து நடத்தும் பத்திரிகை அரசியல் பின்னுக்குப் போய், தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கும் அரசியல் முன்னுக்கு வந்தது. மீனாட்சியம்மாளின் பாட்டு முதிர்ந்ததும் இந்த அலைச்சலில்தான். 1936இல் நடேசய்யர் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குச் சென்றார். 1937இல் அவர் எழுதிய ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு’ என்னும் நாடகம், கலையைப் பிரசாரக் கருவியாக்கும் எண்ணம் இருவருக்கும் பொதுவானது என்பதைக் காட்டுகிறது.

அவருடைய பாட்டுகளின் உச்சத்துக்கு 1939இன் நெருக்கடி காரணம். அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியர்களை நீக்க அமைச்சர்கள் முடிவெடுத்தனர். ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்து பேசிப் பார்த்தும் முடிவு மாறவில்லை. அவர் வந்திருந்தபோதே இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கூலித் தொழிலுக்காக இலங்கைக்குக் கப்பலேறுவதை இந்திய அரசு தடைசெய்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த மீனாட்சியம்மாளின் நூலின் பெயர் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’. பாட்டுப் புத்தகத்துக்கு இப்படி அறிக்கைக்குரிய தலைப்பை வைத்தவர் தம் வேலையை எப்படிப் பார்த்தார் என்பதை ஊகிப்பது எளிது. இந்தியரின் நிலை மோசமாகிவருகிறது, அதைப் பாட்டின் வழியே அவர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே நூலின் நோக்கம்.

படித்துச் சுவைக்கும் கவிதையாக எடைபோட்டால் இந்தப் பாட்டுகள் ஏமாற்றும். உவமையின் நுட்பமோ ஒப்பாரியில் வரும் நெஞ்சைப் பிசையும் படிமமோ இவற்றில் தேடவேண்டியவை அல்ல. இவை வாதங்கள். அமைச்சர்களின் பேச்சை எடுத்துக்கொண்டு அதற்கு மறுப்புச் சொல்வதும், மறுப்பை ஊருக்கு எடுத்துச் சொல்லுமாறு கேட்போரை ஏவுவதும் அவற்றின் போக்கு. எதுகையும் மோனையும் அழகுக்கு என்பதைவிட நினைவில் நிற்பதற்கே உழைக்கின்றன. புலம்பலிலிருந்து வாதத்துக்குப் பாட்டை நகர்த்தியதே அவருடைய சாதனை. ஒப்பாரி விதியோடு வழக்காடும், மீனாட்சியம்மாளின் பாட்டு மந்திரிசபையோடு வழக்காடியது.

உலகின் மறுகோடியில் இதே உத்தி வேறு பெயர்களில் நடந்தது. சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் கூலி வேலை செய்த ஜோ ஹில், தேவாலயப் பாட்டுகளின் மெட்டுகளில் தொழிற்சங்கப் பாட்டுகளைக் கட்டினார், 1915இல் மரண தண்டனைக்குள்ளானார். மீனாட்சியம்மாளின் நூல் வந்த அதே 1940இல்தான் உடி கத்ரி, புழுதிப் புயலால் நிலமிழந்து மேற்கே இடம்பெயர்ந்த குடியானவர்களைப் பற்றிய பாட்டுகளை இசைத்தட்டில் பதிவுசெய்தார். கத்ரியும் பழைய நாட்டார் மெட்டுகளையே எடுத்தாண்டவர். வித்தியாசம் கருவியில். கத்ரியின் குரலை இன்றும் கேட்க முடிகிறது, பின்னர் எழுந்த நாட்டார் இசை மறுமலர்ச்சியே அந்தத் தட்டுகளிலிருந்து பாடம் படித்தது. மீனாட்சியம்மாளின் பாட்டு நமக்கு அச்சில் வந்து சேர்ந்தது. தாளக்கட்டு எங்கே இறுகியது, எந்தச் சொல்லில் குரல் ஏறியது என்பவை காகிதத்தில் ஏறாதவை.

அதே 1940 தோட்டத் தொழிலாளர் போராட்டத்திலும் மறக்க முடியாத ஆண்டு. ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். மே மாதத்தில் ஊவாவில், பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைமையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. மேடைக் கலையின் கண்கொண்டு பார்த்தால் இங்கே காலம் மாறுவது தெரியும். நடேசய்யர் தம்பதியின் முறை, வெளியிலிருந்து வரும் இருவர் கூட்டத்தை எழுப்புவது. வேவெஸ்ஸவில் தோட்டத்துக்குள்ளிருந்தே தலைவர்களும் தொழிலாளர் குழுவும் எழுந்தனர். அதோடு புதிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோட்டங்களில் வேகமாகப் பரவியதால் சம்மேளனத்தின் செல்வாக்கு சரிந்தது. 1947 தேர்தலில் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. பதுளையில் எஸ். எம். சுப்பையாவும் தலவாக்கலையில் ஸி. வி. வேலுப்பிள்ளையும் அந்த எழுவரில் அடங்குவர். நடேசய்யர் அதே ஆண்டு நவம்பரில் காலமானார். அவரோடு அந்த இருவர் மேடையும் முடிந்தது.

மீனாட்சியம்மாளின் பாட்டுகள் வாய்வழியே பெரிதாகத் தொடராததற்கு இந்த அரசியல் தோல்வி ஒரு காரணம். பாட்டின் இயல்பு மற்றொன்று. நாட்கூலிகளை நீக்கிய அமைச்சர்களுக்கு எதிரான பாட்டு, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கிய பிறகு பழைய செய்தித்தாளாகிவிடுகிறது. அன்றைய பிரச்சினைக்குக் கூர்மையாகச் செதுக்கப்பட்ட பாட்டு அந்தப் பிரச்சினையோடு சேர்ந்து மூப்படைவது தவிர்க்க இயலாதது. கங்காணியின் அடாவடியையும் பிள்ளையைத் தூளியில் விட்டு மலைக்குப் போகும் தாயின் தவிப்பையும் பாடும் பெயரற்ற பாட்டுக்கு அந்த மூப்பு இல்லை.

அந்தப் பெயரற்ற பாட்டுகளைத் தேடிப்போனவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர், நாவலாசிரியர், 1947இன் நாடாளுமன்ற உறுப்பினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபின், பாட்டுத் தெரிந்த பாட்டிமாரும் கூத்து வாத்தியார்களும் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். ஊவாவின் லயங்களும் அதற்கு விலக்கல்ல. பாடுபவர்கள் கலைந்துபோன காலத்தில் வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது, மறு ஆண்டு அவர் மறைந்தார். பாட்டை மீட்பது என்பதற்கு அவரும் மீனாட்சியம்மாளும் கொடுத்த பொருள் வேறு வேறு. வேலுப்பிள்ளை பாட்டை இருந்தபடியே காத்தார். மீனாட்சியம்மாள் அதன் மெட்டை எடுத்துச் சொல்லை மாற்றினார். பாட்டு உயிரோடிருப்பதற்கு இரண்டாவதே நல்ல அறிகுறி, பாட்டு எஞ்சுவதற்கு முதலாவதே பாதுகாப்பு.

மீனாட்சியம்மாளை மறுபடி வாசகர் முன் நிறுத்தியதில் சாரல்நாடனின் ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. அவருடைய ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ 1988இல் வெளிவந்தது, ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ 1993இல் தொடர்ந்தது. முதல் நூல் ஒரு தலைவரின் வரலாறு, இரண்டாவது பெயரற்ற பாடகர்களின் வரலாறு. பெயருள்ள பாடகியான மீனாட்சியம்மாள் இந்த இரு வகைக்கும் நடுவே விழுகிறார். அரசியல் வரலாறு அவரைத் துணைவியாக வைக்கிறது. பாட்டில் ஆசிரியர் பெயர் இருப்பதாலேயே நாட்டாரியல் அவரைச் சேர்க்கத் தயங்குகிறது.