விலகி நின்றும் சேர்ந்து சுழல

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லும் முருங்கனிலிருந்து வந்த களிமண்ணும் அங்கே சுழல்சூளைக்குள் வெந்து, அரைத்தால் சீமெந்தாகும் கிளிங்கராகின. 1990இல் உள்நாட்டுப் போர் உற்பத்தியை நிறுத்தியது.

சுழல்சூளை என்பது சற்றே சாய்ந்து படுத்த மாபெரும் உருக்குக் குழாய். உள்ளே வெப்பம் 1,450 பாகை செல்சியசைத் தொடும். அதைச் சுழற்றும் மோட்டர், கியர்பெட்டி, பினியன் மூன்றையும் எவ்வளவுதான் நூல் பிடித்தாற்போல் வைத்தாலும் பளு ஏறும்போதும் சூடு ஏறும்போதும் மயிரிழை இடம் மாறும். தண்டுகளை நேரே இறுக்கிப் பூட்டினால் முதலில் பேரிங் போகும், பிறகு தண்டில் கீறல் விழும்.

இவ்வகைச் சூளைகளைக் காப்பாற்றுவது கியர் கப்ளிங். தண்டின் நுனியில் வெளிப்புறம் பல் வெட்டிய ஹப். அதைச் சூழ உட்புறம் பல் வெட்டிய உறை. இரு பக்கத்து உறைகளும் ஒன்றோடொன்று போல்ட்டால் இறுகும். ஹப்பில் எத்தனை பல்லோ உறையிலும் அத்தனை. அதனால் பல்மேல் பல் உருள்வதில்லை. எல்லாப் பல்லும் சேர்ந்தே பளுவைச் சுமக்கின்றன. இத்தனை சிறிய உடம்பு அவ்வளவு பெரிய முறுக்கைக் கடத்துவது அதனால்தான்.

அழகு முழுவதும் பல்லின் வடிவத்தில் இருக்கிறது. ஹப்பின் பல்லை விரலால் தடவினால், மரப்பீப்பாயின் விலாவைப்போல நடு புடைத்து இரு ஓரமும் சரிவது தெரியும். தண்டு சாயும்போது பல்லின் ஓரம் உறையைக் குத்துவதில்லை. புடைப்பு மட்டும் தொட்டு நகர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பல்லும் ஒருமுறை முன்னே வழுக்கிப் பின்னே திரும்பும். கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவு, ஒன்றரைப் பாகை வரையான சாய்வை விழுங்கிவிடும். தண்டுகள் பக்கவாட்டில் விலகி நின்றால் இரு முனையிலும் பல்லோடு பல் கடிக்கும் இணைப்பு வேண்டும். நடுவே உறை சாய்ந்து பாலம் போடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் குஸ்தாவ் ஃபாஸ்ட் உருவாக்கிய கப்ளிங்கில் பற்கள் நேரானவை. புடைத்த பல் பின்னால் வந்த திருத்தம். எத்தனை அருமையான திருத்தம்!

கிறீஸிலும் கவனம் வேண்டும். வேகமாகச் சுழலும் மோட்டர்ப் பக்கத்தில் சாதாரண கிறீஸ் பிரிந்துவிடும்; கனமான சோப்பு பல்லிடுக்கை அடைக்க, எண்ணெய் ஒதுங்கிவிடும். பிரியாத கிறீஸ் இதற்கென்றே உண்டு. இம்மியும் விலகாமல் பூட்டினாலும் சிக்கல்தான்: பல் அசையாவிட்டால் கிறீஸ் படலம் புதுப்பிக்கப்படாது. அதற்காகத் தண்டுகளின் நேரை அளக்கும் டயல் கேஜை ஒதுக்கிவிட முடியாது. ஒன்றரைப் பாகை தாங்கும் எல்லையே. பொருத்தும்போது அதில் சிறு பங்குக்குள் நிறுத்த வேண்டும்.

உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பல்லைத் துடைக்கும் ஃபிட்டருக்கு அங்கேயே எல்லாம் தெரிந்துவிடும். பளபளத்த தடம் நடுவில் இருந்தால் பொருத்தல் சரி. ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் தண்டு மீறிச் சாய்ந்திருக்கிறது. செம்பழுப்புப் பொடி கண்டால் கிறீஸ் வற்றி நாளாயிற்று. பல்லில் பள்ளமே விழுந்திருந்தால் வழுக்கல் நின்றுபோகும். பிறகு தண்டின் தள்ளல் முழுவதையும் பேரிங்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.