மாந்தோப்பில் இரண்டு நாள், ஆற்றங்கரையில் இரண்டு நாள்

தருமபுரிக்குச் சுற்றுலா என்றால் ஒகேனக்கல். ஒகேனக்கல் என்றால் ஒரு பகல். காலை பத்து மணிக்கு வேன் வந்து நிற்கும். எண்ணெய் தேய்த்து ஒரு குளியல், பரிசலில் ஒரு சுற்று, பொரித்த மீன், சோறு, நாலு மணிக்கு மறுபடி வேன். குடும்பத்தோடு, கூட்டத்தோடு வருகிறவர்களுக்கு அதுதான் தோது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாவட்டம் முழுவதையும் அருவிக்குப் போகிற ரோடாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இத்தாலிக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். டஸ்கனியின் திராட்சைத் தோட்டங்களில் சில நாள், அப்புறம் கடற்கரையில் சில நாள். திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். செப்டம்பரில் கடல் தண்ணீரும் இன்னும் குளிர்ந்திருக்காது. அதனால் அந்த மாதத்தைப் பிடிப்பார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை மாற்றுவது ஒரே ஒரு தடவை. இந்தக் கணக்கைத் தருமபுரிக்கும் போடலாம். இங்கே தோட்டம் என்றால் மா, கரை என்றால் காவிரி.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். மாமரம் தை, மாசியில் பூக்கும். காய்ப்பு சித்திரையில் சந்தைக்கு வரத் தொடங்கி ஆனி, ஆடி வரை நீளும். செந்தூரா முன்னால் வரும், நீலம் கடைசியில் வரும். காவிரியின் காலண்டர் வேறு. அதை எழுதுவது கர்நாடகத்து மழை. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டால் ஜூலை, ஆகஸ்டில் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை வந்துவிடும். 2018, 2022 போன்ற வெள்ள ஆண்டுகளில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. அப்போது அருவியே தெரியாது. பாறைகள் மூழ்கி, இருகரையும் தொட்டு ஓடும் செம்மண் நிறத் தண்ணீர்தான் தெரியும். அதைப் பார்க்கவும் ஆசைப்படலாம், தூரத்தில் நின்று. ஆனால் மாம்பழமும் பரிசலும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்றால் மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை உள்ள நாட்கள்தான் பத்திரம். வெயில் இருக்கும், தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தியில் பிலிகுண்டுலு நீர்வரத்து எவ்வளவு என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கு வரும் காவிரி நீரை மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் அளக்கிறது. உங்கள் பயணத்துக்கு வானிலை அறிக்கையைவிட அந்த ஒரு எண் முக்கியம்.

வந்து சேருவது சுலபம். சென்னைக்காரர்கள் மொரப்பூரில் ரயில் இறங்கலாம். பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. சேலத்திலிருந்து காரில் வந்தால் தொப்பூர்க் கணவாயில் வேகத்தைக் குறையுங்கள். விபத்துக்குப் பேர் போன சரிவு அது.

முதல் இரண்டு இரவு தருமபுரி நகரில். மாந்தோப்புகளுக்குக் காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் போங்கள். இன்னும் கொஞ்சம் தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை இரண்டும் ஒரே மாவட்டம்தான். மாமரத்துக்கு இன்றைக்கும் அந்த எல்லை தெரியாது. இத்தாலியில் 1985-இலேயே சட்டம் போட்டு, விவசாயிகள் தங்கள் பண்ணையில் விருந்தாளிகளைத் தங்கவைக்க வழிசெய்தார்கள். நம் மாந்தோப்புகளில் அந்தப் பழக்கம் வேர்விடவில்லை. அதனால் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காய்ப்புக் காலத்தில் பல தோப்புகள் வியாபாரிகளிடம் குத்தகையில் இருக்கும், கொட்டகை போட்டுக் காவல்காரர் உட்கார்ந்திருப்பார். அவரிடம், "அண்ணே, காய் பறிக்கிறதைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போறோம்" என்று சொன்னால் போதும். பெரும்பாலும் விரட்ட மாட்டார்.

பறிக்கும்போது கிட்டே நின்று பாருங்கள். நீளக் கோலின் நுனியில் வலைப்பை கட்டியிருக்கும். காய் அதற்குள் விழும், தரையில் விழாது. தரையில் விழுந்த காய்க்கு விலை கிடையாது. அடுத்தது காம்பு. கை தேர்ந்தவர் விரல் நீளக் காம்போடு காயை இறக்குவார். காம்பு ஒட்டத் தெறித்துவிட்டால் பால் பீச்சியடித்துத் தோலில் வழியும்; வழிந்த தடம் கறுத்துக் கிடக்கும், ஆளின் தோலில் பட்டாலும் புண்ணாகும். பிறகு காம்பைக் கிள்ளி, காயைக் கவிழ்த்து வைத்துப் பால் வடிய விடுவார்கள். அடுத்த தடவை கடையில் பழம் வாங்கும்போது காம்புப் பக்கம் கறுத்த தாரை இருக்கிறதா என்று உங்கள் கண் தானாகத் தேடும்.

ருசி பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. ஒயின் ருசிக்கிறவர்கள் லேசானதிலிருந்து கனமானதற்குப் போவார்களாம். மாம்பழத்துக்கும் அதுவே சரி. முதலில் காயான பெங்களூரா. வெளியூரில் தோத்தாபுரி என்பார்கள், கிளிமூக்கு என்றும் சொல்வதுண்டு. கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி. நாக்கு விழித்துக்கொள்ளும். மாம்பழக் கூழ் ஆலைகளுக்குப் போவதும் பெரும்பாலும் இதுதான். நீங்கள் எங்கோ குடித்த பாட்டில் ஜூஸில் இந்த மண்ணின் பழம் இருந்திருக்கலாம். அடுத்து தோள் சிவந்த செந்தூரா. அப்புறம், ஜூனில் வந்திருந்தால், நீலம். சின்னப் பழம், ஆனால் வாசனையில் பெரியவர்களைத் தோற்கடிக்கும். மல்கோவாவைக் கடைசிக்கு வையுங்கள். அதைச் சாப்பிட்ட பிறகு மற்ற எதுவும் நாக்கில் ஏறாது. அல்போன்சாவும் இங்கே விளைகிறது. ரத்தினகிரியோடு ஒப்பிட்டுத் தோப்புக்காரரிடம் வாதம் செய்யாதீர்கள், அவர் ஜெயித்துவிடுவார்.

பழம் தின்ற வயிற்றுக்கு மதியம் களி. தருமபுரி கேழ்வரகு நாடு. சூடான களி உருண்டை, கீரைக் கடைசல் அல்லது நாட்டுக்கோழிக் குழம்பு. பழக்கமில்லாதவர்கள் களியை மென்று தின்னப் பார்ப்பார்கள், பல்லில் ஒட்டிக்கொண்டு அவதிப்படுவார்கள். சின்னதாகக் கிள்ளி, குழம்பில் முக்கி, அப்படியே விழுங்க வேண்டும். நாலு கவளத்தில் தொண்டைக்குப் பழகிவிடும்.

வெயில் ஏறிய பிறகு நகரில் பார்க்க இரண்டு இடங்கள் போதும். ஒன்று அகழ்வைப்பகம். நடுகற்கள் இந்த மாவட்டத்தின் பெரிய சொத்து. கல்லின் முன் நின்று முதலில் எழுத்தைப் படிக்க முயலாதீர்கள், வட்டெழுத்து நம்மை மிரட்டும். வீரனைப் பாருங்கள். எந்தக் கையில் வில், எந்தக் கையில் வாள், உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, காலடியில் மாடு இருக்கிறதா. மாடு இருந்தால் அநேகமாக ஆநிரைச் சண்டை. மந்தையைக் கவர வந்தவர்களிடமிருந்து மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். அரசனுக்கு இல்லை, ஊர்க்காரன் ஒருவனுக்கு. நான் கோயில் சிற்பங்களைவிட இவற்றின் முன்னால்தான் அதிக நேரம் நிற்பேன்.

இன்னொன்று கோட்டைக் கோயில். தகடூர் என்று பெயர் இருந்த காலத்தில் இந்த ஊரை நுளம்பர்கள் ஆண்டார்கள். மல்லிகார்ச்சுனர், காமாட்சி சன்னதிகளில் அவர்களுடைய கைவண்ணம் தெரியும். காமாட்சி சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றிக் குனிந்துகொண்டே நடந்தால் ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாக வரும். அதியமான், ஔவை, நெல்லிக்கனி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைத்துக்கொண்டு அதியமான்கோட்டைக்கும் ஓர் எட்டு போய் வரலாம். அங்கே சென்றாயப் பெருமாள் கோயிலில் கூரை ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பாருங்கள்.

தீர்த்தமலையையும் வத்தல்மலையையும் விட்டுவிடுங்கள். இரண்டும் நல்ல இடங்கள், அதனால்தான் சொல்கிறேன். முதல் பயணத்தில் அவற்றையும் திணித்தால் காரில் உட்கார்ந்த நேரம்தான் மிஞ்சும்.

மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் ஒகேனக்கல்லுக்குக் கிளம்புங்கள். நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். வழியில் சற்று விலகினால் பாப்பாரப்பட்டி. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-இல் அங்கேதான் கண்மூடினார், நினைவிடம் இருக்கிறது. பென்னாகரத்துக்கு அப்புறம் காடு, வளைவுகள், குரங்குகள். குரங்குக்குத் தின்ன எதுவும் போடாதீர்கள். கோடையில் யானை தண்ணீருக்கு இறங்கும் பாதை என்பதால் இருட்டுவதற்குள் ஊர் சேருங்கள். வேன்கள் ஏறி வரும் நேரத்தில் நீங்கள் இறங்கிப் போவீர்கள். ஆற்றங்கரையில் இரவு தங்குவதன் பலன் மறுநாள் காலையில் கிடைக்கும். கூட்டம் பத்து மணிக்குத்தானே வரும்.

அதற்குள் பரிசல் ஏறிவிடுங்கள். மூங்கில் சிம்பைப் பின்னிக் கூடை முடைந்து, முன்பெல்லாம் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள், மேலே தார்ப்பூச்சு. முன்பக்கம், பின்பக்கம் என்று இதற்குக் கிடையாது. அதனால் பாரம் ஒரு பக்கம் சாயாமல் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒற்றைத் துடுப்பு. பரிசல்காரர் தனக்கு முன்னால் தண்ணீரை வாரி இழுக்கிறார், பரிசல் அந்தப் பக்கம் போகிறது. குறுகிய சந்துகளில் அவர் துடுப்பு போடுவதில்லை, பாறையைக் கையால் தள்ளுகிறார். எல்லோரும் கேட்கிறார்கள் என்று நடுவில் கிறுகிறுவென்று சுற்றிக் காட்டுவார். வேண்டாம் என்றால் சந்தோஷமாக விட்டுவிடுவார். பேசாமல் உட்கார்ந்தால் இரண்டு பக்கப் பாறைச் சுவரில் வெள்ளம் ஏறிய கோடுகள் தெரியும், உங்கள் தலைக்கு மேலே எத்தனை அடி என்று பாருங்கள். எதிர்க்கரை கர்நாடகம். உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள், போட்டோவுக்காகக்கூட.

'ரோஜா' படத்தின் 'சின்னச் சின்ன ஆசை' பாட்டு இங்கேயும் படமானது. அதனால் செல்ஃபி கூட்டம் ஒன்று எப்போதும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்த் தேய்ப்பு குளியலுக்கு முன்னால். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மீனுக்குக் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "இன்னைக்குப் பிடிச்சதா, ஐஸா?" என்பதுதான். அரஞ்சான், கெளுத்தி, கட்லா எது புதிதோ அதை வாங்கிக் கொடுத்தால் கரையில் அடுப்பு வைத்திருக்கும் அக்காக்கள் குழம்பாகவோ வறுவலாகவோ செய்து தருவார்கள். காரம் குறைக்கச் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள், ஆனால் குறைப்பார்கள். குடிக்கிற தண்ணீரும் இங்கே ஒரு சரித்திரம்: நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் இது. இந்த ஆற்று நீரைக் குழாயில் கொண்டுபோகும் ஜப்பானியக் கடனுதவித் திட்டம் 2013-இல் தொடங்கிய பிறகுதான் பல ஊர்களுக்கு விடிந்தது.

பரிசலும் குளியலும் சாப்பாடும் முடிந்த பிறகு நாலாவது நாளில் வேறு எதையும் வைக்காதீர்கள். ஆற்றங்கரையில் ஒரு மரத்தடி போதும்.

திரும்பும் வழியில் மண்டியில் பழம் வாங்கினால் காயாக, கல் போல இருப்பதை வாங்குங்கள். வீட்டில் வைக்கோலிலோ காகிதத்திலோ பரப்பி வையுங்கள், தானாகப் பழுக்கட்டும். பழுத்தது வாங்க ஆசையாக இருக்கும். அதெல்லாம் மொரப்பூர் பிளாட்பாரத்தைத் தாண்டாது.