மகனின் மெய்யும் தந்தையின் மௌனமும்

மலையாளத்தில் ‘காதல்’ என்னுஞ் சொல் மரத்தின் உள்வயிரத்தைக் குறிக்கும். அப்பெயர் தாங்கி 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஜியோ பேபியின் திரைப்படம், ஒரு குடும்பத்தின் உள்வயிரத்தைச் சோதித்துப் பார்க்கின்றது.

மாத்யூ தேவசி நடுவயது கடந்தவன். கல்லூரியிற் பயிலும் மகளை உடையவன். உள்ளூராட்சி இடைத்தேர்தலில் வேட்பாளன். அவ்வேளையில் மனைவி ஓமனா, கணவன் தன்பால் நாட்டமுடையவன் எனக் கூறி மணவிலக்குக் கோருகின்றாள். அவள் வேண்டுவது பழிவாங்குதல் அன்று, இருவர்க்கும் விடுதலை. மம்முட்டியும் ஜோதிகாவும் இதனை மிகையின்றி நடித்துள்ளனர்.

எனினும், படத்தின் உயிர்நிலை முதிய தந்தையின் ஒப்புதலிலேயே உள்ளது. மகனின் இயல்பை அவர் முன்னரே அறிந்திருந்தார். திருமணம் அதனை மாற்றிவிடும் எனக் கருதினார். அம்மௌனத்தின் விலையை இருபது ஆண்டுகள் செலுத்தியவள் வேறொரு வீட்டுப் பெண்.

2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலுறவு குற்றமன்றெனத் தீர்த்தது. ஆயினும் வீட்டினுள் தீர்ப்பளிப்போர் உறவினரே.

படத்துக்கு ஒரு குறையும் உண்டு. மாத்யூவின் அன்புக்குரிய தங்கன், வாகனம் ஓட்டப் பயிற்றுவிக்கும் எளியவன். அவன் துயர் பெரிதும் பேசப்படாது போகின்றது. சபரகமுவத் தோட்டங்களில், ஒரு சுவருக்கு அப்பால் அயலார் வாழும் லயத்தில் அத்தகையோன் ஒருவன் வாழின், ஒதுங்க அவனுக்கு வேறு வீடு ஏது? அவன் இல்லத்தார் அஞ்சுவதும் அவனையன்று, அயலார் வாயையே.

தந்தை பேசியதால் மகன் வாழ்ந்தான். முற்பட்டுப் பேசியிருப்பின் மருமகளும் வாழ்ந்திருப்பாள்.