பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு பரிசோதனை: மூன்று ஏஆர்டி கருவிகள், பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

2022 ஜனவரி 4ஆம் தேதி சிங்கப்பூரில் புதிய கல்வியாண்டு தொடங்கியது. சீருடை, காலணி, பாடப்புத்தகம் என்று பெற்றோர் போடும் பட்டியலில் அந்த முறை, கொவிட்-19 தொற்றை வீட்டிலேயே சோதிக்கும் ஏஆர்டி கருவியும் சேர்ந்திருந்தது. அதற்கு முந்தைய சில மாதங்களில் அது வீட்டு மருந்துப் பெட்டியில் வெப்பமானிக்குப் பக்கத்தில் நிரந்தர இடம் பிடித்துவிட்டிருந்தது.

காரணம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2021 செப்டம்பர் 27 முதல் தொடக்கநிலை 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கற்றார்கள். 30ஆம் தேதி தொடங்கிய பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுத்துத் தேர்வு தடையின்றி நடக்கவேண்டும் என்பது ஒரு கவலை. 12 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு அப்போது தடுப்பூசியே இல்லை என்பது பெரிய கவலை. அக்டோபரில் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியபோது அவர்களுக்குத் துணையாக இருந்தவை முகக்கவசமும் இந்தச் சிறு கருவியும்தான். 5 முதல் 11 வயதினருக்கான தடுப்பூசி டிசம்பர் 27 அன்றுதான் தொடங்கியது. பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்க மேலும் சில வாரம் தேவைப்பட்டது. அதுவரை ஏஆர்டியின் வேலை ஓயவில்லை.

அஞ்சல் வழியே 2021 ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 27 வரை வீட்டுக்கு 6 கருவிகள் வந்தன. அக்டோபர் 22 முதல் டிசம்பர் 7 வரை இன்னொரு 10. பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஆளுக்கு மூன்று. போதாததற்கு மருந்துக்கடையில் வாங்கியவை வேறு. இப்படிப் பல வீடுகளில் அப்போது இரண்டு மூன்று வகைக் கருவிகள் கலந்து கிடந்தன. செய்முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. அபோட் நிறுவனத்தின் பான்பயோ, எஸ்டி பயோசென்சரின் ஸ்டாண்டர்ட் கியூ, குய்டெலின் குவிக்வியூ ஆகிய மூன்றையும் தொடக்கப்பள்ளியில் படிக்கும் என் இரண்டு பிள்ளைகளுக்கும் செய்து பார்த்து எழுதுவது இது. மூன்றும் சுகாதார அறிவியல் ஆணையம் 2021 ஜூன் 10 அன்று சுயபரிசோதனைக்கு அனுமதித்த முதல் நான்கு கருவிகளில் அடங்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு காட்டும் வேலையில் மூன்றுக்கும் இடையே ஒரு தாய் கவலைப்படும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. பிள்ளையின் மூக்கில் குச்சி இருக்கும் அந்த அரை நிமிடத்தில் நம் கவனம் முழுவதையும் பிள்ளைமேல் வைக்க எந்தக் கருவி விடுகிறதோ, அதுவே பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஏற்ற கருவி.

மூக்குதான் முக்கியம்

கருவிக்குள் நடப்பது இதுதான். கொரோனா கிருமியின் உள்ளே மரபணுவைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோகேப்சிட் என்னும் புரதம் சளியில் இருந்தால், குழாயிலுள்ள கரைசல் அதைப் பிரித்தெடுக்கிறது. கரைசல் தாளில் ஊறி நகரும்போது நிறத் துகள் ஏற்றிய எதிர்ப்பொருள்கள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. T என்ற இடத்தில் காத்திருக்கும் இன்னொரு வரிசை எதிர்ப்பொருள்கள் அந்த ஜோடியைப் பிடித்து நிறுத்த, அங்கே கோடு தெரிகிறது. C என்ற கட்டுப்பாட்டுக் கோட்டின் வேலை வேறு. கரைசல் தாளின் கடைசிவரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் அது சொல்கிறது.

பெற்றோர் மனத்தில் பதியவேண்டிய செய்தி இங்கேதான் இருக்கிறது. பஞ்சுக்குச்சி மூக்கைத் தொடவே இல்லை என்றாலும் C கோடு அழகாக வரும். குழந்தை சிணுங்கியதால் நாசித்துவாரத்தின் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு எடுத்தாலும் வரும். “சளி போதவில்லை, மறுபடி எடுங்கள்” என்று சொல்லும் வசதி இந்த மூன்றில் எதிலும் இல்லை. அதனால் ஒற்றைக் கோட்டைப் பார்த்து நிம்மதி அடையும் முன், குச்சி ஒழுங்காகப் போனதா என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒழுங்கு என்றால் என்ன? முதலில் பிள்ளை மூக்கைச் சிந்த வேண்டும். பிறகு குச்சியை ஏறத்தாழ 2 செண்டிமீட்டர் உள்ளே விட்டு, பக்கச் சுவரை உரசியபடி சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்பது கருவிக்குக் கருவி மாறும். பெட்டியிலுள்ள தாளைப் பாருங்கள். அதே குச்சியால் இரண்டு துவாரத்திலும் எடுக்க வேண்டும். மூளைவரை போகிறது என்று பயமுறுத்திய பழைய நீளக் குச்சி வேறு. இது மூக்கின் முன்பகுதியோடு நின்றுவிடும். வலிக்காது, கூசும்.

சின்னவளுக்கு நான் செய்தால் தலை தானாகப் பின்னே போகும். ஒருநாள் அவளே கேட்டாள்: “அம்மா, நானே பண்றேன். நீங்க எண்ணுங்க.” கண்ணாடிக்கு முன்னால் நின்று, என் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினாள். தலை அசையவில்லை. குச்சி போன ஆழமும் நான் செய்ததைவிடக் கூடுதல். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் செய்துவிட வேண்டும் அல்லது கூட நின்று கவனிக்க வேண்டும் என்பது விதி. கூட நின்று எண்ணுவது பல பிள்ளைகளுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. குளிரூட்டி அறையில் தூங்கி மூக்கு வறண்டிருக்கும் பிள்ளைக்கு எழுந்தவுடனே செய்யாதீர்கள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, ஒருமுறை மூக்கைச் சிந்தியபின் செய்தால் எரிச்சல் குறையும்.

மூன்றும் கையில் எப்படி?

பான்பயோவில் வேலை சற்று அதிகம். கரைசல் தனிச் சிமிழில் வருகிறது. அதை முறுக்கித் திறந்து குழாயில் பிழிய வேண்டும். குச்சியைக் கரைசலில் சுழற்றியபின் குறித்த இடத்தில் ஒடித்து, தலைப்பகுதியைக் குழாய்க்குள்ளேயே விட்டு நீல மூடியால் மூட வேண்டும். அடிப்பக்கத்து வெள்ளை மூடியைத் திறந்து 5 சொட்டு விட வேண்டும். குச்சி உள்ளேயே அடைபட்டுவிடுவதால் சளி பட்ட பொருள் வெளியே கிடப்பதில்லை. சுத்தம் என்ற வகையில் இதுவே முதலிடம். ஆனால் ஒடிக்கும்போது குழாய் குலுங்குகிறது. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை இல்லை. முடிவை 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும், 20ஐத் தாண்டக்கூடாது.

ஸ்டாண்டர்ட் கியூவில் கரைசல் குழாயிலேயே நிரப்பி, மேலே தகடு ஒட்டி வருகிறது. தகட்டை உரித்துக் குழாயை நிறுத்திவிட்டால் முன்வேலை முடிந்தது. குச்சியைக் கரைசலில் சுழற்றி, குழாயின் பக்கங்களை அழுத்திப் பிழிந்தபடி வெளியே எடுத்து, சொட்டு மூடியைப் பொருத்தி 4 சொட்டு. 15 முதல் 30 நிமிடத்துக்குள் பார்க்கலாம். இந்த நீண்ட இடைவெளி காலை நேரத்தில் பெரிய உதவி. ஒரு பிள்ளைக்குக் கோடு வருவதற்குள் மற்றவருக்குத் தலைவாரிவிடலாம். கவனிக்கவேண்டியது ஒன்று: தகட்டை வேகமாக உரித்தால் கரைசல் தெறிக்கும். சில கருவிகளின் கரைசலில் சோடியம் அசைடு என்ற வேதிப்பொருள் சிறிதளவு உண்டு. அதனால் குழாயைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குவிக்வியூவில் சொட்டு எண்ணும் வேலையே இல்லை. குச்சியைக் கரைசலில் கலக்கி ஒரு நிமிடம் அப்படியே வைத்து, பிழிந்து எடுத்துவிட்டு, சோதனைத் தாளை அம்புக்குறி கீழே பார்க்கும்படி குழாயில் இறக்கவேண்டியதுதான். 10 நிமிடத்தில் முடிவு. மூன்றில் வேகமானது இதுதான். கோடுகளின் நிறமும் வேறு: நீலம் கட்டுப்பாட்டுக் கோடு, இளஞ்சிவப்பு தொற்றுக் கோடு. குறை என்னவென்றால், திறந்த குழாய் அந்தப் பத்து நிமிடமும் ஆடாமல் நிற்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் அங்குமிங்கும் ஓடும் வீட்டில் இது எளிதில்லை. தாளை வெளியே எடுத்து வைத்தபின் யாருடையது என்று குழம்பவும் வாய்ப்புண்டு. மற்ற இரண்டிலும் கருவியின் மேலேயே பேனாவால் பெயரும் நேரமும் எழுதிவிடலாம்.

கரைசலுக்குப் பதில் வேறு எதையும் விடக்கூடாது என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். இங்கிலாந்தில் பழச்சாற்றையும் கோலாவையும் விட்டு இரண்டு கோடு வரவழைத்த மாணவர்களின் கதை 2021இல் செய்தியானது. அமிலம் எதிர்ப்பொருள்களின் வடிவத்தைக் குலைத்துவிடுவதால் வரும் போலிக் கோடு அது. கருவியோடு வரும் கரைசல் அமிலத்தன்மையைச் சீராக வைத்திருப்பதால்தான் முடிவை நம்ப முடிகிறது.

கோட்டைப் படிப்பது

வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குறித்த நேரத்துக்குள் C கோட்டோடு T கோடும் தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும் தொற்றுதான். “லேசாத்தான் தெரியுது” என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்புவது தவறு. நேரம் கடந்தபின் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்த்துத் தெரியும் கோட்டுக்கு மதிப்பில்லை. தாள் காய்ந்ததால் வந்த நிழலாக இருக்கலாம். C கோடே வராவிட்டால் புதுக் கருவியில் மறுபடி செய்ய வேண்டும். தொற்று என்று வந்து பிள்ளை நலமாக இருந்தால் 2021 இறுதியில் இருந்த நெறிமுறைப்படி வீட்டில் 72 மணிநேரம் தனியாக இருந்துவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டியிருந்தது. உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எவ்வளவு நம்பலாம்?

கிருமி அதிக அளவில் இருப்பவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரை இவ்வகைக் கருவிகள் கண்டுபிடிக்கும் என்றும், தொற்று இல்லாதவரை இல்லை என்று சரியாகச் சொல்வது 97 முதல் 100 விழுக்காடு என்றும் சுகாதார அறிவியல் ஆணையம் கூறியிருக்கிறது. இதை வகுப்பறைக் கணக்கில் பாருங்கள். நன்றாகப் பரப்பக்கூடிய நிலையில் உள்ள ஐந்து பிள்ளைகளில் ஒருவர் தப்பிவிடலாம். 97 விழுக்காடு என்ற கீழ் எல்லையை எடுத்துக்கொண்டால், 40 பிள்ளைகள் உள்ள ஆரோக்கியமான வகுப்பில் ஒருவருக்குத் தவறாக இரண்டு கோடு வரக்கூடும். அந்த ஒரு பிள்ளையை மற்ற பிள்ளைகள் சந்தேகத்தோடு பார்க்காமல் இருக்க வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தொற்றிய முதல் ஓரிரு நாளில் கிருமி குறைவாக இருக்கும், கருவிக்குத் தெரியாது. நேற்று ஒற்றைக் கோடு காட்டிய பிள்ளைக்கு இன்று இரட்டைக் கோடு வருவது இதனால்தான். தொற்றியவரோடு நெருங்கிப் பழகியவர் ஏழு நாள்வரை, வெளியே கிளம்பும் ஒவ்வொரு நாளும் சோதிக்க வேண்டும் என்று 2021 இறுதியில் இருந்த விதி இந்த இடைவெளியை அடைக்கத்தான். காலையில் வந்த ஒற்றைக் கோடு அன்றைக்கு மட்டும் செல்லும். அப்படி வந்திருந்தாலும் காய்ச்சலோ இருமலோ உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

வைப்பது, வீசுவது, விலை

இவற்றை 30 பாகைக்குக் கீழே வைக்க வேண்டும். நம் ஊர் மதிய வெயிலில் சன்னலோரமும் காரின் உள்பக்கமும் அதைத் தாண்டிவிடும். படுக்கையறை அலமாரி போதும். உறையை உபயோகிக்கும்போது மட்டும் பிரியுங்கள். ஈரக்காற்று தாளைக் கெடுக்கும். முடிந்தபின் எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டி உடனே குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள்.

கடைகளுக்கு முதலில் வந்தபோது விலை ஒன்றுக்கு 10 முதல் 13 வெள்ளி வரை இருந்தது. அந்த விலையில் இரண்டு பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை என்றால்கூட மாதம் 80 வெள்ளிக்குக் குறையாது. பிறகு விலை இறங்கியது நல்ல செய்தி. ஆனாலும் மூன்று நான்கு பிள்ளைகள் உள்ள குறைந்த வருமானக் குடும்பம் கருவியை மிச்சம்பிடிக்கும் நிலைக்கு வரக்கூடாது. பள்ளி வழியே இலவசமாகக் கொடுத்தது அதற்கு உதவியது. ஒரு பிள்ளை சோதிக்காமல் போனால் பாதிக்கப்படுவது முழு வகுப்பும்.

எதை வாங்கலாம்?

பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு என் தேர்வு ஸ்டாண்டர்ட் கியூ. முன்வேலை குறைவு, நேர இடைவெளி தாராளம், பெயர் எழுத இடம் உண்டு. ஒரே பிள்ளை, அமைதியான காலை, நேர நெருக்கடி என்றால் குவிக்வியூ. வீட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, மற்றவரைக் கிருமி அண்டாமல் சோதிக்க வேண்டும் என்றால் பான்பயோவின் மூடிய குழாய் பாதுகாப்பானது.

எந்தப் பெட்டி கையில் இருந்தாலும் பள்ளி திறக்கும் முன் வார இறுதியில், அவசரம் இல்லாத நேரத்தில் ஒருமுறை செய்து பழகுங்கள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிக்கும் கூட இருந்து காட்டிக்கொடுங்கள். நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் குச்சியை விடும் அந்த அரை நிமிடத்தை அவசரப்படுத்தாதீர்கள். கருவி தரும் பதில் முழுவதும் அதைப் பொறுத்தது.