கார்வைக்கும் கணக்கு உண்டு

ஈபோ என்ற கருவியைப் பற்றிக் கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். சிலருக்கு அது மாயம், சிலருக்கு ஏமாற்று வேலை. இரண்டு வருடமாக அதை பேஸ் கிட்டாரில் வாசித்துப் பார்த்த எனக்கு இரண்டுமே சோம்பலான விமர்சனமாகப் படுகிறது.

கிரெக் ஹீட் 1969இல் கண்டுபிடித்த இக்கருவி 1976இல் விற்பனைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும், 9 வோல்ட் பேட்டரி போதும். ஒரு சுருள் கம்பியின் அதிர்வை உணர்கிறது. மின்சுற்று அதைப் பெருக்க, இன்னொரு சுருள் அந்த அதிர்வைக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கிறது. பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட பின்னூட்டத்தை அடக்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே அதுவே இசை.

ஆனால் இது சாதாரணக் கிட்டாருக்காகச் செய்த பொருள். அதன் பள்ளங்கள் பக்கத்துக் கம்பிகள்மேல் உட்கார வேண்டும். பேஸில் கம்பிகளுக்கு இடைவெளி அதிகம், உட்காராது. கையாலேயே தாங்கிப் பிடிக்க வேண்டும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிரும், பேஸில் அது 41. அந்தக் கனத்தை அசைக்க நேரமாகும். சில சமயம் அசையவே அசையாது. வந்தாலும் தயங்கித் தயங்கித்தான் வரும். முதலில் குறையாகத் தெரிந்த இந்தத் தயக்கத்தைத்தான் இப்போது ரசிக்கிறேன்.

என் பிரச்சினை ஒலியின் முடிவில் இருந்தது. ஒரு நண்பனின் குறும்படத்துக்கு நான்கு நிமிடம் வாசித்துக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, “டேய், இது எப்படா முடியும்?” என்றான். இருபது வினாடி மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டான். கோபம் வந்தது. ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது அவன் சொன்னது சரிதான் என்று தோன்றியது.

விரலால் மீட்டிய பேஸ் ஒலி தானாகத் தேய்ந்து மறையும். அதற்குள் அடுத்த ஸ்வரத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். தாளம் அங்கிருந்துதான் பிறக்கிறது. ஈபோ அந்த நெருக்கடியை எடுத்துவிடுகிறது. எங்கே நிறுத்துவது என்ற பொறுப்பு முழுக்க நம் தலையில். நான் அதை ஏற்காமல், மேலே எதிரொலியை ஊற்றி ‘சூழல்’ என்று பெயர் வைத்துவிட்டேன். இன்று வருகிற பல ஆம்பியன்ட் பதிவுகளிலும் இதே தப்பித்தல்தான்.

மைக்கேல் மேன்ரிங்கைக் கேட்டால் வித்தியாசம் புரியும். ஃப்ரெட் இல்லாத பேஸில் ஈபோவைப் பிடித்து வாசிப்பவர். இடது கை வழுக்கிச் செல்லும்போது ஸ்வரம் நடக்கிறது, பாடுகிற குரல்போல மூச்சு விட்டு அடங்குகிறது. நான் வைத்திருப்பதும் அதே கருவிதான்.

நம் சங்கீதத்தில் நீளும் ஸ்வரத்துக்குக் கார்வை என்று பெயர். அதை அட்சரக் கணக்கில் எண்ணுவார்கள். பேட்டரி தீரும்வரை ஒலிப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. போன வாரம் அந்த நான்கு நிமிடப் பதிவை நானே மறுபடி வெட்டினேன். நாற்பது வினாடி தேறியது.