நடைமேடையின் உயரம்

சென்னை ரயில் நிலையங்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் முகப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. 1856-இல் திறந்த ராயபுரத்தில் ஐரோப்பியச் செவ்வியல் தூண்கள்; 1873-இல் ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்து, பின்னர் ராபர்ட் சிஷோம் கைவைத்த சென்ட்ரலில் கோத்திக் சாயல்; 1908-இல் ஹென்றி இர்வினின் எழும்பூரில் இந்தோ-சாரசெனிக் கும்மட்டங்கள். மூன்று பாணிகளைச் சொன்னதும் வரலாறு முடிந்துவிடுகிறது. ஆனால் ரயில்வே கம்பெனிகள் ஊர் பார்க்க எப்படி நிற்க விரும்பின என்பதற்குத்தான் முகப்பு சாட்சி. பயணியை எப்படி மதித்தன என்று அறிய நடைமேடைக்குத்தான் போகவேண்டும். எழும்பூரில் மோட்டார் காரை நடைமேடைவரை ஓட்டிவந்து ரயிலருகே இறங்கலாம் என்பதை இன்றும் வியந்து பேசுகிறார்கள். அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? எழும்பூரைக் கட்டிய அதே தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் சிற்றூர்களில் நடைமேடை என்பது தண்டவாளத்தைவிடச் சற்றே உயர்ந்த மண்திட்டுதான். முதலில் டிரங்குப் பெட்டி மேலே போகும், அடுத்து குழந்தை. பாட்டியை ஒருவர் மேலிருந்து கைகொடுத்து இழுக்க, இன்னொருவர் கீழிருந்து தாங்குவார்.

நடைமேடை வெறும் பொறியியல், அதில் மரபென்ன பாணியென்ன என்று கேட்கலாம். உயரம் தானாக அமைவதில்லை, யாரோ தீர்மானிப்பது. அகலப்பாதையில் உயர்மட்ட நடைமேடை 760 முதல் 840 மி.மீ. வரை இருக்கவேண்டும் என்பது இன்றைய விதி. முனைச்சரிவு ஆறுக்கு ஒன்று என்பதைவிடச் செங்குத்தாகக் கூடாது என்பதுவரை வகுத்திருக்கிறார்கள். பாதைகளை அகலப்பாதையாக மாற்ற 1992-இல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தால் மீட்டர் கேஜ் ஊர்கள் பலவும் இந்த அளவுகளுக்குள் வந்தன. பெரிய முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் பெட்டியின் தரை இன்னும் சுமார் 40 செ.மீ. மேலேதான் இருக்கிறது. லிப்டும் நகரும் படிக்கட்டும் சக்கர நாற்காலியை நடைமேடைவரை கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன; பெட்டிக்குள் ஏற்ற ஆள் தேடவேண்டும்.

அதே தடத்தில் சரக்கு வண்டியும் போவதால் நடைமேடையை அதற்குமேல் உயர்த்த முடியாது என்பது பொறியாளர்கள் தரப்பு. நியாயம்தான். 2015-இல் ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவில் பெட்டித் தரையும் நடைமேடையும் ஒரே மட்டமாக அமைந்ததற்குத் தனித்தடமே காரணம். ஆனால் நடைமேடை உயர முடியாதென்றால் பெட்டியின் தரை தாழலாமே. ஐரோப்பாவில் சரக்கு வண்டிகள் ஓடும் தடங்களிலேயே தாழ்தளப் பெட்டிகளும் ஓடுகின்றன. அப்படிப் பார்த்தால் இது கட்டடக்கலைஞர்கள் மட்டும் தீர்க்கக்கூடிய கணக்கல்ல. பெட்டித் தொழிற்சாலையும் சேர்ந்து போடவேண்டியது.