முகாம் என்னும் சொல்

மக்களை அடைத்துவைக்கும் இடங்களுக்குத் தமிழில் இன்று வழங்கும் பெயர்களை நோக்குமிடத்து, நமது எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்விடயத்திற் போதிய விழிப்புடன் இருக்கின்றனரா என்ற ஐயம் எழுகின்றது. ஹிட்லராட்சியில் 1933இல் தொடங்கிய டாகாவும் ‘வதைமுகாம்’; 1942இல் இயங்கத் தொடங்கிய திரெப்ளிங்காவும் ‘வதைமுகாம்’. முன்னையது, கம்யூனிஸ்டுகளையும் சமூக ஜனநாயகவாதிகளையும் விசாரணையின்றி அடைத்து, அடித்து, வேலைவாங்குவதற்கென முதலில் அமைந்தது. பின்னையதற்கு ரயிலிற் கொண்டுவரப்பட்ட யூதருட் பெரும்பாலோர் ஓரிரவேனும் அங்கே தங்கியதில்லை. வந்திறங்கிய சில மணிநேரத்துள் வாயுவினாற் கொல்லப்பட்டனர். எவரும் தங்காத இடத்தை முகாம் என்பது எங்ஙனம் பொருந்தும்? கொலைக்களம் என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கின்றதே!

முகாம் அறபு வழிவந்த சொல்; தங்குமிடம் என்பதே அதன் பொருள். சுற்றுப்பயணம் போகும் அதிகாரி முகாமிடுகிறான். சாரண மாணவர் முகாமிடுகின்றனர். எழுந்து புறப்படலாம் என்ற உரிமை அச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றது. முல்லைப்பாட்டின் பாசறையும் அத்தகையதே. அரசன் வினைமுடித்து வீடு மீள்கின்றான். ஆதலின் வெறுமனே முகாம் என்று எழுதும்போது வேலியும் காவலனும் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகின்றனர்.

இம்மறைப்பின் பயனை ஆட்சியாளர் நன்கறிவர். தென்னாபிரிக்காவில் 1900 முதல் 1902 வரை, போயர் விவசாயிகளின் வீடுகளைக் கொளுத்திய பிரித்தானியப் படை, அவர்தம் பெண்டிரையும் பிள்ளைகளையும் அடைத்த இடங்களைத் தன் ஏடுகளில் ‘அகதி முகாம்’ என்றே குறித்தது. எமிலி ஹொப்ஹவுஸ் அம்மையார் தாம் நேரிற் கண்டதை 1901இல் வெளியிட்டார். ஏறக்குறைய 28,000 போயர் அங்கே மாண்டனர், பெரும்பாலோர் சிறார். கறுப்பின மக்களுக்கென அமைந்த தனி முகாம்களின் சாவுகள் ஒழுங்காக எண்ணப்படவுமில்லை. (அப்போரிற் பிடிபட்ட போயர் வீரர் பல்லாயிரவர் நம் தியத்தலாவையிலே சிறைவைக்கப்பட்டனர்.)

நமது நாட்டுக்கு வருவோம். 2009இல் வன்னிப் போரிலிருந்து வெளிவந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களுட் பெரும்பகுதியினர் செட்டிகுளத்து மெனிக் பாமில் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். அரசு சூட்டிய பெயர் ‘நலன்புரிக் கிராமம்’. அதன் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயரிட்டனர். தமிழ்ப் பெரியார் பெயர்களை முட்கம்பியிற் கோத்த இச்செயலைக் காட்டிலும் கொடிய நையாண்டியை எந்த எழுத்தாளனும் கற்பனை செய்திருக்க மாட்டான். 2009 டிசெம்பர் வரை அங்கிருந்தோர் விரும்பியவாறு வெளியே சென்றுவர இயலவில்லை. 2012 செப்டெம்பரிலேயே அது மூடப்பட்டது. இவ்வளவுக்கும் பின்னரும் ‘நலன்புரி’ என்ற சொல் மேற்கோட்குறியின்றி நம்மவர் எழுத்திற் புழங்குகின்றது.

இங்கே மணிமேகலை நினைவுக்கு வருகின்றது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குமாறு அவள் சோழமன்னனை வேண்டுகிறாள். அங்கே சிறைப்பட்டோர் விடுதலையாகின்றனர். உணவிடும் சாலை எழுகின்றது. அதனாற் பெயரும் மாறுகின்றது. செட்டிகுளத்திலே வேலி நின்றபடி நிற்கப் பெயர்மட்டும் அறக்கோட்டமாயிற்று. தமிழகத்தில் 1990 முதல் ஈழத்தமிழர் அடைக்கப்பட்டுவந்த ‘சிறப்பு முகாம்’ பற்றியும் இதையே சொல்லலாம், என்ன சிறப்போ!

ஆயின் நம் அணியினரும் இக்குற்றத்திலிருந்து தப்பவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் பின்னர் வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழக வளாகங்கள் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞரின் தடுப்பிடங்களாயின. அன்றைய அரசில் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகள். ‘புனர்வாழ்வு’ என்ற சொல் வழங்கப்பட்டது. 2009இன் பின்னர், சரணடைந்த தமிழ்ப் போராளிகளுக்கும் அதுவே வழங்கப்பட்டது. சோவியத் நாட்டிலோ ‘திருத்த உழைப்பு முகாம்’ என்றனர். கொலிமாவின் பனியிலே தங்கம் தோண்டி மாண்டவன் எதிலே திருத்தப்பட்டான்? பாசிசத்தின் சொற்களைப் பகுத்துக் காட்டிய நாம், இச்சொல்லைமட்டும் பகுக்காமலே மொழிபெயர்த்தோம். உழைப்புச் சிறை என்று எழுதியிருக்கலாம், இரண்டே சொற்கள்.